அருகில் உள்ள பெரியவர்

மாலை நான்கு மணிக்குப் பழவேற்காட்டு மிதவைக் குடியிருப்பில் பிள்ளைகளைப் பந்துக்குள் போட்டுப் பூட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பெயர் விளையாட்டு நேரம்.

தரை என்ற ஒன்று அங்கே கிடையாது. கடல் ஏறிவந்து எழுபது ஆண்டாகிறது. வீடுகள் ஏரியின்மேல் ஆளுக்கொரு மூலையில் மிதந்தன. பிள்ளைகள் ஓடியாட உருள்கூடு ஒன்றுதான் வழி. காற்றடைத்த பெரிய பந்து அது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். உள்ளே நின்று நடந்தால் தண்ணீர்மேல் உருளும். கிழியாது, மூழ்காது. காற்று மட்டும் இருபது நிமிடத்துக்குத்தான். அதற்குள் பிள்ளை வாசலுக்கு வந்து முட்டி நிற்க வேண்டும், வாசல்மணி அடிக்கும், பெரியவர் யாராவது வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும்.

திறப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. விழிக்குள்ளேயே பதிக்கிற கண்திரை வந்தபிறகு பெற்றோர் அதில் எதையோ பார்த்தபடி கையால் துழாவிப் பந்தைத் திறந்துவிட்டுப் போனார்கள். உள்ளே பிள்ளை மயங்கிக் கிடப்பதைக்கூடக் கவனிக்காதவர்கள் உண்டு. ஆகவே விழித்தாழ் வந்தது. கண்திரையை அணைத்துவிட்டு, பிள்ளையின் கண்ணைப் பத்து நொடி நேராகப் பார்த்தால்தான் பூட்டு விடும். நடுவில் யார் பார்வை விலகினாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்று பிள்ளை பெற்றவர்கள், தினமும் அரை நிமிடம் வீணாகிறது என்று மனுக் கொடுத்தார்கள்.

எட்டு வயது ரோஸ்லின் ஒரு நாளைக்கு ஐந்து முறை உருள்கூட்டில் போவாள். விளையாட்டுப் பைத்தியம் என்பாள் அவள் அம்மா ஜெசிந்தா. உண்மையில் அந்தப் பெண் முப்பது அடி தள்ளிப்போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். போவதே திரும்பி வருவதற்குத்தான். அம்மாவின் இடது கண் வெள்ளையில் கடுகளவு மச்சம் இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். எட்டாவது நொடியில் தன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டால் இன்னொரு பத்து கிடைக்கும் என்பதையும்.

"நேரா பாருடி. அங்க நாப்பத்திரண்டு புள்ளைங்க என்னை நம்பி நிக்குது."

ஜெசிந்தா சொன்னது பொய்யில்லை. அவள் ஒரு தொலைக்காவலர். வீட்டு அறையில் உட்கார்ந்தபடி, எங்கெங்கோ உள்ள பூங்காக்களில் உருளும் பிள்ளைகளைக் கண்திரையில் கண்காணிப்பது அவள் வேலை. பதினோரு ஆண்டில் ஒரு பிள்ளையைக்கூட அவள் கோட்டைவிட்டதில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ரோஸ்லின் தானே வளர்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு பாதுகாப்பு வாரியம் ஒரு நல்ல காரியம் செய்தது. உள்ளே இருக்கிற பிள்ளை தானாகத் திறக்க முடியாத பந்து ஆபத்தானது என்று கண்டுகொண்டது. புத்தியுள்ள யாரும் இதை மறுக்கமாட்டார்கள். உள்ளே ஒரு பச்சைப் பொத்தானை வைத்து, விழித்தாழைக் கழற்றிவிட்டார்கள். இனி வாசல்மணி அடிக்காது, யாரும் எழுந்துவர வேண்டாம். ஜெசிந்தா அறிவிப்பைப் பாதி படித்து 'சம்மதம்' என்று தொட்டாள்.

அன்று மாலை ரோஸ்லின் போனாள், திரும்பினாள், வாசலில் முட்டி நின்றாள். கதவு திறக்கவில்லை.

"பச்சைப் பொத்தானை அமுக்கு, செல்லம்," என்றது உருள்கூடு.

"அம்மா வரட்டும்."

"அம்மா வர வேண்டியதில்லை. நீயே வெளியே வரலாம்."

அதைக் கேட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது. தெரியாமல் கை பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது நிமிடம் ஆயிற்று. உள்ளே கெட்ட காற்று சேர்வதைக் காட்டும் கரிவளிகாட்டி மஞ்சளாகி, பிறகு சிவந்தது.

எங்கே ஓர் உருள்கூடு சிவந்தாலும், அந்த நொடியில் கை ஓய்ந்திருக்கும் தொலைக்காவலருக்குச் செய்தி போகும். அன்று அது ஜெசிந்தாவுக்குப் போனது. பந்தின் எண் மட்டும்தான் தெரிந்தது. பிள்ளையின் முகத்தையும் உடையையும் தனியுரிமைச் சட்டப்படி மங்கலாக்கியிருந்தார்கள்.

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாப்பா, பொத்தானை அமுக்கும்மா. ஆன்ட்டி சொல்றேன்ல," என்றாள். அவள் பேச்சு, காவலர்கள் எல்லாருக்கும் பொதுவான இயந்திரக் குரலில் பந்துக்குள் போய்ச் சேர்ந்தது. பிள்ளை தலையை ஆட்டி மறுத்தது.

அருகில் உள்ள பெரியவருக்கு அவசர அழைப்பு அனுப்பினாள். அதே நொடி அவள் கண்திரையின் ஓரத்தில் 'உங்களுக்கு ஓர் அவசர அழைப்பு' என்று துடித்தது. ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது யார் அதையெல்லாம் படிப்பது? 'பிறகு' என்று தள்ளிவிட்டாள்.

பெரியவர் அழைப்பை ஏற்கவில்லை என்று பதில் வந்தது.

"பெத்தா மட்டும் போதுமா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அனுப்பினாள். மறுபடி துடித்தது. மறுபடி தள்ளினாள்.

பந்துக்குள் பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தது. அது மறைத்திருந்த இடத்தில், ஒரு வீட்டு வாசல் கொடியில், ஓரம் கிழிந்த மஞ்சள் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. காலையில் ஜெசிந்தா உலர்த்திய துண்டு.

அவள் நாற்காலிக்கும் வாசலுக்கும் ஒன்பது அடி. ஓடிப்போய்ப் பந்தின் வாயைப் பிளந்து பிள்ளையை வெளியே இழுத்தாள். ரோஸ்லின் நீலம் பாரித்திருந்தாள். பிறகு இருமினாள், மூச்சு வந்தது. ஜெசிந்தா அவளை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ரோஸ்லின் அந்த மச்சத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பத்து நொடி எப்போதோ தாண்டியிருந்தது.

"ஏன்டி அமுக்கல? ஏன்டி கண்ணு?"

"அமுக்கினா நீ வரமாட்டல்ல."



விபத்தைக் கண்காணித்தவர் ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. பிள்ளையை மடியிலிருந்து இறக்காமலே ஜெசிந்தா படிவத்தைத் திறந்தாள். எண், நேரம், கரிவளியின் அளவு எல்லாவற்றையும் நிரப்பினாள். கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டாள். 'மிக அருகில் இருந்த பெரியவர் இரண்டு முறை அழைத்தும் வரவில்லை. அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்?'

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதினாள்.

'குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.'