காயாத பரிசல்

"அங்க உட்காராதீங்க..."

குரல் வந்து சேர்வதற்குள் மேகனா உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தும் விட்டாள். ஆகாய நீலச் சுடிதாரின் பின்பக்கம் முழுக்கச் செங்கல் நிறப் பெயின்ட்!

"பெஞ்ச்னு நினைச்சேன்..."

"பரிசல்ங்க. கவுத்துப் போட்ட பரிசல், இரும்புல பண்ணினது. இன்னும் காயலை." கல் யானைக்குப் பக்கத்தில் நின்றவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "முதல் ஆளா நீங்கதான் ஏறியிருக்கீங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் இதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதிலிருந்தே பயம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். ஹ்ருஷிகேஷ் என்று ஒரு வரன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். பெரியவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியோடு கூடுவதற்கு முன்னால், பையனும் பெண்ணும் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஓர் ஏற்பாடு. திருச்சியில் கலைக்கூடத்தை ஒட்டிய இந்தச் சிற்பப் பூங்கா அதற்கு ரொம்ப வசதி. டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம், போகலாம். ஒத்துவராவிட்டால் பார்க்கவே இல்லை என்று இரண்டு வீடும் சாதித்துவிடலாம். கல் யானைக்குப் பக்கத்தில் இரு என்று சொல்லி அனுப்பினாள் அம்மா அரவிந்தவல்லி. கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"அந்த விஷயத்தை அவர்கிட்ட சொல்லிண்டு நிக்காதே. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்."

அந்த விஷயம்... வலிப்பு. தில்லை நகர் டாக்டரின் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு ரொம்ப நாளாக எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் காலேஜ் வராந்தாவில் ஒருமுறை விழுந்ததோடு தோழிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதை அவள் மறக்கவில்லை. முன்பு வந்த ஒரு வரனின் போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஆசையை வளர்த்துக்கொண்டாள். விஷயம் கசிந்து அவர்கள் பின்வாங்கியபோது நொறுங்கிப் போனாள். அதனால் இந்த முறை போட்டோவைத் திறக்கவே இல்லை. பார்த்தால் பிடித்துவிடுமே என்கிற பயம். பயந்தவளுக்குத் தோன்றும் புத்திசாலித்தனம் அப்படித்தான் இருக்கும்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"காலையிலேர்ந்து."

காலையிலிருந்தா! நிமிர்ந்து பார்த்தாள். மழைக்கு இருட்டிய வானத்தின் கீழே அவன் கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன... அவசரமே இல்லாத கண்கள். இந்தக் கண்களை ஏமாற்றி எப்படித் தாலி கட்டிக்கொள்வது?

"ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு வேண்டாம்னா இப்பவே போயிடுங்க. எனக்கு... ஃபிட்ஸ் வரும்."

கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் கொட்டினாள். மாத்திரை, அம்மாவின் தடை, தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க வரும் நடுக்கம், எல்லாம். கண்ணைத் திறந்தபோது அவன் போகவில்லை. முகத்தில் பரிதாபமும் இல்லை.

"இவ்வளவு நாளா தனியாவா பயந்துட்டிருந்தீங்க?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழுகை வந்தது. கூடவே போனும் வந்தது. ஹ்ருஷிகேஷ்தான் பேசினான். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டானாம், இப்போதுதான் பூங்கா வாசலுக்கு வந்திருக்கிறானாம்.

போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அப்போ... நீங்க யாரு?"

"பிரஹலாத். இந்தப் பரிசலைப் பண்ணினவன். நான் சொல்ல வந்தது..."

அவள் நின்று கேட்கவில்லை. ஓடிவிட்டாள்.

ஹ்ருஷிகேஷ் நல்லவனாகத்தான் தெரிந்தான். சுடிதார்க் கறையைப் பார்த்தும் நாசூக்காக ஒன்றும் கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தாள். ஒருமுறை கொட்டித் தீர்த்த தைரியம் மறுபடி ஊறவில்லை. அன்று மாலையே, பெண் பிடித்திருக்கிறது என்று போன் வந்தது. வீடு கொண்டாடியது, மேகனாவுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிய வேண்டியவனுக்கு எதுவும் தெரியாது, தெரியக்கூடாதவனுக்கு எல்லாம் தெரியும். அவன் யாரிடமாவது சொல்லிவிட்டால்? நிச்சயதார்த்தக் கூட்டத்தில் அவள் விழுந்துவிட்டால்? தூக்கம் போயிற்று. தூக்கம் போனால் எது வரும் என்று அவளுக்குத் தெரியும்... அந்தப் பயத்தில் இன்னும் தூக்கம் போயிற்று.

அந்த வாரமே கொட்டும் மழையில் பூங்காவுக்குப் போனாள். பரிசலுக்கு மேலே தார்ப்பாய் கட்டி, அவள் உட்கார்ந்து கெடுத்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான் பிரஹலாத். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கைகூப்பினாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. என்னை அவ்வளவு மட்டமாகவா நினைத்தீர்கள் என்று கேட்டான். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் இன்னுமா சொல்லவில்லை என்றும் கேட்டான். அவளுக்குச் சுருக்கென்று ரோஷம் வந்தது. ஆள் மாறிப் பேசுகிறேன் என்று தெரிந்தும் வேடிக்கை பார்த்தவர் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்று வெடித்தாள்.

தார்ப்பாயில் மழை சடசடத்தது. அவன் குனிந்து மறுபடி தேய்க்கத் தொடங்கினான்.

"பாதியிலயே தெரிஞ்சுபோச்சு, நீங்க வேற யாரையோ நினைச்சுப் பேசுறீங்கன்னு. நிறுத்தியிருக்கணும். தப்புதான்." மெல்ல நிமிர்ந்தான். "நிறுத்தினா போயிடுவீங்களேன்னு பயமா இருந்துச்சு... இப்பவும் அப்படித்தான் இருக்கு."

மேகனா போனை எடுத்தாள். இவனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருந்தது. ஹ்ருஷிகேஷைக் கூப்பிட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாக மரியாதையோடு சொல்லி வைத்துவிட்டான். அந்த மரியாதையிலேயே பதில் இருந்தது. இனி வீட்டிலிருந்து போன் வரும். அம்மா அழுவாள், அப்பா பேசவே மாட்டார். போனை அணைத்துப் பையில் போட்டாள்.

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

அவன் தள்ளியே நின்றான். அவள்தான் நெருங்கி வந்தாள்.

"எனக்கு மறுபடி வரலாம்... வராமலும் இருக்கலாம். வந்தா பதறி, கையில சாவியைத் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாப் போதும்." அவன் கண்களைப் பார்த்தாள். "கண்ணு முழிக்கும்போது... நான் பார்க்கிற முதல் முகம் உங்களோடதா இருக்கணும், பிரஹலாத்."