தேய்மானம்

மத்தியான இருட்டில் அந்தப் பலகையை முதலில் பார்த்தது உர்ஹோதான்.

"டயர் விற்பனைக்குன்னு எழுதியிருக்கு. நிறுத்து."

"உனக்குத் தூக்கம் வரலையா கிழவா?"

"நாலு மணி நேரம் ரத்தத்தை உறிஞ்சி, அலசி, திரும்ப ஊத்தியிருக்காங்க. தூக்கம் எங்கேருந்து வரும்? நிறுத்துடி."

ஐலா நெடுஞ்சாலையிலிருந்து வண்டியை ஒடித்தாள். பின்சக்கரங்கள் ஒரு முழம் வழுக்கிவிட்டுத்தான் திரும்பின.

அந்த ஒரு முழம்தான் அவர்களுடைய பிரச்சினை. குளிர்காலத்தில் மத்தியானமும் இருண்டுகிடக்கிற வடகோடி லாப்லாந்துக் காட்டுக்குள் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து ரோவானியெமி மருத்துவமனைக்கு வாரம் மூன்று நாள் போய்வர வேண்டும். ஒரு நாள் டயாலிசிஸ் தவறினால் உர்ஹோவின் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் நெஞ்சில் நீர் கோக்கும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. அரசாங்க டாக்ஸி உண்டு. ஆனால் அது ஊர் ஊராகச் சுற்றி ஆள் பொறுக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் உர்ஹோ குடலே வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்துவிடுவான். அதனால் ஐலாதான் ஓட்டுநர். இரண்டு குளிர்காலத்தில் இரண்டு செட் டயர் காலி. அவளும் ஏறக்குறைய காலி.

மெக்கானிக் ஆர்மாஸ் ஏற்கெனவே கையை விரித்துவிட்டிருந்தான்.

"நீ கேக்கிற டயரை உலகத்துல இன்னும் யாரும் செய்யலை ஐலா. நெடுஞ்சாலையில உப்பைக் கொட்டி பனியைக் கரைச்சு தாரை வெறிச்சுன்னு வெச்சிருக்கான். அதுல பனிக்குன்னு ஆணி பதிச்ச டயரை ஓட்டினா ஆணி மழுங்கிடும். ஆணி இல்லாத மெத்து ரப்பர் பனியைக் கவ்வும், ஆனா தாருல அழிரப்பர் மாதிரி கரையும். நாள்பட உழைக்கிற கெட்டி ரப்பர் போடட்டுமா? குளிர்ல கட்டையாயிடும். நேரா போய் பைன் மரத்துக்கு முத்தம் குடுக்கலாம்."

"உழைக்கவும் உழைக்கணும், பிடிக்கவும் பிடிக்கணும்."

"ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். கல்யாணம் மாதிரி."

அப்போது சிரித்தாள். இப்போது அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் இறங்கியபோது சிரிக்கத் தெம்பில்லை.

பழைய மரவீடு. ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். கொட்டகைச் சுவரில் நான்கு டயர்கள் சாய்ந்து நின்றன. எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே, முள் முள்ளாக ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை.

"நெடுஞ்சாலைக்கா?"

பின்னாலிருந்து குரல். திரும்பினாள். குல்லாய் போட்ட ஓர் ஆள். அறுபதா, முப்பதா, சொல்ல முடியவில்லை. முகத்தில் ஒரு கோடு கிடையாது. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"நெடுஞ்சாலைக்கும். பனிக்கும்."

"தேயாது," என்றான் அவன், களைப்பாக. "கையுறையைக் கழட்டிட்டு அழுத்திப் பாரு. ரப்பர் இளசான்னு நீயே தெரிஞ்சுக்கோ."

பழைய டயர் வாங்கும்போது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். நகம் உள்ளே அமுங்கினால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஐலா வெறும் கட்டைவிரலை முதல் டயரில் வைத்து அழுத்தினாள். அமுங்கியது. எடுக்கும்போது தோல் லேசாக ஒட்டிக்கொண்டது. குளிரில் ஒட்டாதா பின்னே?

நான்கிலும் அழுத்தினாள்.

நான்கையும் வண்டியில் மாட்டிவிட்டு, கொடுத்த பணத்தை அவன் கையுறையோடு வாங்கித் திணித்துக்கொண்டான். அத்தனை நேரமும் அவன் கையுறையைக் கழற்றவே இல்லை என்பது பிற்பாடுதான் அவளுக்கு உறைத்தது.

சும்மா சொல்லக்கூடாது. டயர்கள் அற்புதமாக ஓடின. பனி விழுந்தாலும் சரி, விழுந்த பனி கண்ணாடியாக இறுகினாலும் சரி, வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போயிற்று. உர்ஹோ பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஐலாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சத்தம் மட்டும் வேறு மாதிரி.

சாதாரண டயர் தாரில் ரீங்காரம் போடும். ஆணி டயர் கடகடக்கும். இது இரண்டுமில்லை. காலடியில், தரைக்குக் கீழே, மெத்தென்று ஏதோ தட்டிக்கொண்டே வந்தது.

தப். தப். தப்.

வெறும் உள்ளங்கைகள் சாலையில் ஓடிவருவதுபோல.

ஜனவரியில் அவள் போன் அவளை மறந்தது. விரலை வைத்தால் திறக்கவில்லை. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள். பிறகு விளக்கடியில் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தாள். ரேகை இல்லை. பத்து விரலிலும் இல்லை. உள்ளங்கையிலும் கோடுகள் மங்கியிருந்தன. காபிக் கோப்பை கையிலிருந்து நழுவியது.

பாத்திரம் கழுவும் சோப்பு என்று உர்ஹோவிடம் சொன்னாள். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். வேறொன்றை யோசிக்க நேரமில்லை.

நெடுஞ்சாலைக் காபிக் கடையில் வருஷக்கணக்கில் அவளுக்கு ஊற்றித் தந்த பெண்மணி ஒருநாள் மரியாதையாகக் கேட்டாள்.

"இந்தப் பக்கம் புதுசா? சால்மன் சூப் நல்லா இருக்கும், சாப்பிட்டுப் பாருங்க."

ஐலா சூப்பை வாங்கிக் குடித்தாள். கழிவறைக் கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பிப்ரவரியில், புதுப் பனி விழுந்த ஒரு காலையில், காட்டோரத்திலிருந்து கலைமான் ஒன்று சாலையில் குதித்தது.

பிரேக்கை மிதித்தாள்.

அந்த வேகத்தில், அந்தப் பனியில், எந்த வண்டியும் நிற்காது. இது நின்றது. மானின் மூச்சு விளக்கில் புகையாகத் தெரியும் தூரத்தில் நின்றது.

ஐலா அலறினாள்.

மானைப் பார்த்து அல்ல. கைகள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு உள்ளங்கையும் தீயாய் எரிந்தன. ஓடுகிற வண்டியிலிருந்து கையைச் சாலையில் ஊன்றி நிறுத்தியதுபோல.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இரு."

இறங்கினாள். கைவிளக்கை வண்டியின் பின்னால் அடித்தாள். புதுப் பனியில் டயர் தடம் சுத்தமாகப் பதிந்திருந்தது. குனிந்தாள்.

மெல்லிய வரிகள். வளைந்து வளைந்து, சுழியாகி, சுழிக்குள் சுழியாகி.

கைரேகை.

ஒரு சுழியின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. மீன் அறுக்கும்போது அவள் கட்டைவிரலில் விழுந்த வெட்டு. இப்போது அவள் விரலில் இல்லாத வெட்டு.

எழுந்தபோது உர்ஹோ பின்னால் நின்றிருந்தான். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் வண்டியில் ஏறினார்கள். டயாலிசிஸ் ஊசி குத்த நேரமாகிவிட்டிருந்தது.

வீடு திரும்பியபின் அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினான். அது பீங்கான்போல இருந்தது.

"வசந்தம் வரைக்கும்தான் உர்ஹோ," என்றாள். "பனி கரைஞ்சதும் கழட்டிடலாம். தேயறது தேயட்டும். இருந்து நான் என்ன ரேகை ஜோசியமா பார்த்துக்கப் போறேன்?"

அவன் சிரிக்கவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளன்று அவன் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். உறைபனி. தலையில் குல்லாய்கூட இல்லை.

"ஏறு."

"டயரை மாத்து. ஏறுறேன்."

"ஆர்மாஸ் கடை இன்னிக்கு லீவு. விளையாடாதே, உன் காலைப் பாரு, இப்பவே வீங்கியிருக்கு."

"உன் மூஞ்சியை நீ பாரு! கண்ணோரம் இருந்த சுருக்கமெல்லாம் எங்கடி போச்சு? என்னால வந்த சுருக்கம், கணக்கு எனக்குத் தெரியும். ஒண்ணு பாக்கியில்லை."

"செத்துப்போவே மனுஷா."

"உன்னை ரோட்டுல தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் நான் இருக்கணுமா? அப்படி ஒரு பிழைப்பு வேண்டாம்."

"எனக்கு வேணும்," என்றாள் ஐலா. "நீ இருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு உர்ஹோ. ஏறு."

அவன் படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அவள்தான் தோற்றாள். ஆர்மாஸுக்குப் போன் போட்டாள்.

ஆர்மாஸ் சவுனா என்கிற நீராவிக் குளியலிலிருந்து நேராக வந்தான். தலையிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. வேனில் ஒரு செட் பழைய ஆணி டயர்.

"லீவு நாள்ல மனுஷனை வேகவிடாம... யாரு இது? ஐலாவா?" ஒரு கணம் திகைத்து, பார்வையை டயருக்குத் திருப்பிக்கொண்டான். அளவுகோலை வரிக்குள் விட்டான். "எட்டு மில்லிமீட்டர் ஆழம், துளிகூடத் தேயலை. நேத்து வாங்கினதா?"

"டிசம்பர்ல."

"வாரம் மூணு தடவை ரோவானியெமி போயா? பொய் சொல்லாதே." அவன் கையுறையைப் பல்லால் கடித்து உருவினான். "ரப்பர் இளசா என்னன்னு..."

"தொடாதே!"

முற்றமே அதிர்ந்தது. கட்டைவிரல் டயருக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. ஆர்மாஸ் அவள் முகத்தை இன்னொரு முறை பார்த்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு ஜோக்கும் அடிக்காமல், நான்கையும் கழற்றி வேறு மாட்டினான்.

அன்றைய பயணத்தை ஐலா மறக்க மாட்டாள். பாதி மழுங்கிய ஆணிகள். ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் உதறியது. ஊர்ந்து ஊர்ந்து போனாள். நடுவில், டயர் வாங்கிய அந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்தினாள்.

பலகை இல்லை. வெளிச்சமில்லை. முற்றம் முழுக்க இடுப்பளவு பனி, இந்தக் குளிர்காலத்தில் யாரும் கால் வைக்காத பனி. வண்டியின் பின்கதவைத் திறந்து, கழற்றிப் போட்டுவந்த நான்கு டயரையும் உதைத்து வாசலில் உருட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மருத்துவமனையில் உர்ஹோவை ஸ்ட்ரெச்சரில்தான் உள்ளே கொண்டுபோனார்கள். மூச்சு கொரகொரத்தது. "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று தொடங்கிய நர்ஸ், ஐலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இயந்திரம் ஓடியது. அவன் பிழைத்தான்.

திரும்பும்போது அந்த வாசலில் டயர்கள் இல்லை.

வண்டித் தடமும் இல்லை. காலடியும் இல்லை.

பனியில் வாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை போயிருந்தவை உள்ளங்கைகள். விரல் விரித்த வெறும் உள்ளங்கைகள், ஒன்றன்முன் ஒன்றாக. எதிலும் ஒரு ரேகை இல்லை.

"பார்க்காதே," என்றான் உர்ஹோ, கண்ணை மூடியபடியே. "ஓட்டு."

மே மாதம் ஏரியில் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்தது. அவன் இன்னும் வாரம் மூன்று நாள் போய்வந்துகொண்டிருந்தான். இப்போது வெறும் தாரில், சாதாரணக் கோடை டயரில். அவை நியாயமாகத் தேய்ந்தன. ஐலாவின் கண்ணோரம் ஒரு சுருக்கம் திரும்ப வந்திருந்தது. உர்ஹோ அதைக் கண்டுபிடித்து, பெரிய கொண்டாட்டமே நடத்தினான்.

"ஒண்ணு வந்தாச்சு! மீதியை நான் வரவழைக்கிறேன் பாரு."

"வாயை மூடு கிழவா. என்ன வேணும் உனக்கு?"

"வெண்ணெய் பன். நீ பண்ணி எவ்வளவு நாளாச்சு!"

உண்மைதான். பிடிமானமில்லாத கையால் மாவு பிசைய முடியாது. இப்போது முடிந்தது. உள்ளங்கையில் புதுத்தோல் வளர்ந்து சொரசொரப்பு வந்திருந்தது. அவள் பிசைந்தாள், உருட்டினாள், தட்டில் வரிசையாக வைத்தாள். வெண்ணெய் வைக்கக் குழி வேண்டுமே, ஒவ்வொரு உருண்டையின் நடுவிலும் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே போனாள்.

தட்டை அடுப்பில் தள்ளப் போனபோதுதான் குனிந்து பார்த்தாள்.

மாவுக் குழிகளில் சுழி இல்லை.

நேர்வரிகள். அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை பிரிந்த பள்ளங்கள். தண்ணீரும் சேறும் வழிந்தோடுவதற்கென்று வெட்டியதுபோல, ஆழமாக, கூர்மையாக.

விரலை மெதுவாக முகத்தருகே கொண்டுவந்தாள்.

ரப்பர் வாடை.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" உள்ளேயிருந்து உர்ஹோ கூப்பிட்டான்.

"வரேன், வரேன். அடுப்பு சூடாகட்டும்."

மாவு உப்பினால் தடம் மறையும் என்று ஐலா காத்திருந்தாள். மாவு உப்பியது. தடம் மறையவில்லை. அவள் ஒவ்வொரு குழியிலும் வெண்ணெய்த் துண்டை வைத்து, மேலே சர்க்கரையைத் தூவி, ஒரு வரிகூட வெளியே தெரியாதபடி மூடிவிட்டு அடுப்பில் தள்ளினாள்.