இடப்பக்கம் திருப்பினால்

கழுவித் துடைத்த வெள்ளை மாருதி ஒன்று பட்டப்பகலில்தான் என் ஷெட்டுக்கு வந்தது. தொண்ணூற்றிரண்டு ஐப்பசி. மழை வருவதுபோல வானம் மூடிக் கிடந்தது. சோமனூர் ரோட்டில் எந்நேரமும் தறிச் சத்தம். அந்த இரைச்சலுக்குள் ஒரு வண்டியின் நோயைக் காதால் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

ஓட்டி வந்தவர் பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமி. பின் சீட்டில் அவர் மனைவி சாரதாமணி கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

“கன்னையா, இடப்பக்கம் திருப்புனா அடியில டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. என்னன்னு பாரப்பா.”

“எத்தன நாளாங்க?”

“ரெண்டு மாசமிருக்குமுங்க,” என்றார் அந்த அம்மா. “எனக்குத் தூக்கமே போச்சு.”

கிட்டுசாமி திரும்பி முறைத்தார்.

என் தங்கை சென்னம்மாள் செத்தும் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்ட வேண்டும். அதற்கென்று உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கத்தரி உண்டு. அழுத்தினால் டிக் என்னும். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சிவப்பு நாடாவால் மணிக்கட்டோடு கட்டியிருப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அவிழ்க்க மாட்டாள். நான் வேலைக்குக் கிளம்பினால் வாசலில் மறித்து, சட்டையில் பிசிறு தேடி வெட்டிவிட்டுத்தான் விடுவாள்.

மழை பெய்த ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து நடந்து வந்தவளை ஏதோ ஒரு வண்டி அடித்து, இழுத்துக்கொண்டு போய், அடுத்த திருப்பம் தாண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கத்தரியும் கிடைக்கவில்லை. அது யார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று நான் சோறு தண்ணி இறங்காமல் திரிந்த நாட்கள் அவை.

இடப்பக்கம் ஒடிக்கும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் வலது சக்கரத்தை அச்சோடு சேர்க்கும் ஜாயிண்ட் போயிருக்கும்; பாரம் அதன்மேல்தான் விழும். இருவரையும் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. புதுசு போட்டு, எதிரே தறிக்குப் பாவு நூல் விரிக்கும் மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து வட்டமடித்தேன்.

டிக். டிக். டிக்.

வேகத்தைக் கூட்டினேன். ஜாயிண்ட் சத்தமாக இருந்தால் சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் வேகமெடுக்க வேண்டும். இது எடுக்கவில்லை. வண்டி பறந்தாலும் ஊர்ந்தாலும் அதே நிதானம்.

யாரோ உட்கார்ந்து வேலை பார்க்கிற நிதானம்.

ஷெட்டுக்குத் திரும்பி இடது சக்கரத்தையும் கழற்றினேன். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே நூல் சுற்றிக் கிடந்தது. நம்மூர் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு வேஸ்ட் நூல் சுற்றுவது சாதாரணம். பிய்த்து இழுத்தேன். வெள்ளை நூல் வந்துகொண்டே இருந்தது. பிறகு நீளமான தலைமுடி வந்தது.

அதற்கடியில் சிவப்பு நாடா.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சுற்றுவட்டாரத் தறிகளெல்லாம் ஒன்றாக அடங்கின. கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே புதுப் பனியன் துணியின் வாசனை வந்தது. வண்டிக்குள் யாரும் இல்லை. சாவி என் பையில் இருந்தது.

சாவி இல்லாமல் அசையாத ஸ்டியரிங், மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

டிக்.

“கண்ணு...” வண்டிக்கடியில் குனிந்தேன். “சென்னம்மா, நீயா கண்ணு?”

சத்தம் நின்றது.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்த கிட்டுசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. நாடாவை அவர் முன்னால் நீட்டினேன்.

“இது என்ற தங்கச்சியோடதுங்க.”

“மழைல ஆளு தெரியலப்பா,” என்றார். “என்னமோ தட்டுச்சு. அப்பறம் திருப்பத்துல அடியில டிக்கு டிக்குன்னு கேட்டுச்சு. ஜாயிண்டுன்னு நெனச்சு ஓட்டீட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க!” சாரதாமணி அலறினார். “அடியில யாரோ இருக்கறாங்க, நிறுத்துங்கன்னு அன்னிக்கே கெஞ்சினேன். நீங்க ரேடியோவக் கூட்டி வெச்சீங்க!”

சக்கரத்துக்கடியில் மாட்டி, கத்த மூச்சில்லாமல், கையிலிருந்த கத்தரியைத்தான் என் தங்கை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சாரதாமணி செருப்புகூடப் போடாமல் போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். ஆனாலும் கிட்டுசாமி ஜாமீனில் வர அதிக நாள் ஆகவில்லை. சக்கரம் இல்லாத வண்டியைப் போலீஸார் என் ஷெட்டிலேயே விட்டுவைத்திருந்தார்கள். ஒரு நாள் புதுக் காக்கிச் சட்டையை அதன் கதவில் மாட்டிவிட்டு வேலை பார்த்தேன். எடுத்துப் போடும்போது சட்டையில் ஒரு பிசிறு இல்லை. சீட்டின் மேல் ஒரு சிட்டிகை காக்கி நூல் கிடந்தது. சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதேன்.

வண்டியை அவரிடமே ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்தது. கழற்றிய சக்கரத்தை மாட்டி வைத்தேன். கிட்டுசாமி வெள்ளைச் சட்டையோடு வந்து, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“சத்தம் போயிருச்சல்ல?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

டிக்.

அவர் சட்டையின் அடிப் பட்டன் அறுந்து மடியில் விழுந்தது.

டிக். அதற்கு மேலே இருந்த பட்டன்.

கதவை இழுத்தார். பூட்டு எதுவும் போடவில்லை, ஆனாலும் திறக்கவில்லை.

டிக்.

அதே நிதானம். கீழிருந்து மேலாக, கழுத்தைப் பார்த்து.

“கன்னையா... கூப்புடப்பா அவள. நிறுத்தச் சொல்லப்பா!”

கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருக்கும். எனக்குத் தெரியும்.

எட்டி, ஷெட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

அதையும் மீறிக் கேட்டது.

டிக்.