சென்சாருக்குக் கீழே ஒரு டீ டம்ளர்

“இந்த டீ யாரோடது?”

ஏணி மேலிருந்து கேட்டான் ஏசி மெக்கானிக். பாடப்புத்தகப் பதிப்பகத்தில் ப்ரூஃப் பார்க்கும் அறை அது. ஒன்பது பேர். எட்டுப் பேர் ஸ்வெட்டரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் மெல்லிய பருத்திச் சட்டையில், நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தாள்.

“குளிர் தாங்கலன்னு நாலு தடவை கூப்பிட்டீங்க. ரெண்டு மோட்டாரக் கழட்டிப் பார்த்தேன். கடைசில பார்த்தா சென்சாருக்குக் கீழ கொதிக்கக் கொதிக்க டீ! ரூம் வேகுதுன்னு நினைச்சு அது பாட்டுக்குக் குளிரை அள்ளிக் கொட்டுது...”

“என்னோடதுதான். ஆறிடும், குடுங்க.”

வியர்த்தவள்தான். யார் விட்ட கமாவும் இவளிடம் தப்பாது என்பதால் அலுவலகமே ‘கமா’ என்று கூப்பிடும். இவள் அடிக்கடி குளிரைக் கூட்டுகிறாள் என்று போன மாதம் ஏசி பொத்தானுக்குப் பெட்டி வைத்துப் பூட்டினார்கள். பூட்டியவன் இதே மெக்கானிக். அதற்குப் பதில்தான் இந்த டீ.

“வேலையே செய்யாத மாதிரி என் பேரைக் கெடுத்துட்டீங்களே மேடம்.”

“என்னை வேகவெச்சது நீங்கதான சார்?”

நிமிர்ந்து பார்த்தாள். தூக்கம் போதாத கண்கள், ஓரம் சிவந்தவை. ஒரு பிழையைக்கூட மன்னிக்காதவை. இறங்கும்போது அவனுக்கு ஒரு படி தவறியது.

மறுபடி ஏறி, பொத்தானைத் தொடாமல், கூரையில் காற்று வரும் தட்டியை மட்டும் அவள் மேசைப் பக்கம் திருப்பிவிட்டான். “இனி உங்க மேல மட்டும் விழும். டீயக் குடிச்சிருங்க.”

அடுத்த செவ்வாய் பதினொரு மணிக்கு, இனி வாராவாரம் ஏசியைச் சோதிக்கும் ஏற்பாட்டில் மறுபடி வந்தான். அவள் சிவப்புப் பென்சிலைக் குழந்தை கரண்டி பிடிப்பது போல முஷ்டியில் பிடித்திருந்தாள். காலையில் அவள் விரல்கள் விறைத்துப்போகும், சரியாக விரியாது. அவன் பார்த்தான். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரையில் ஒரு துண்டு வெட்டி, பென்சிலில் செருகி மேசையில் வைத்துவிட்டுப் போனான். பென்சில் தடித்தது. பிடி கிடைத்தது. அன்றைக்கு முழுக்க அவள் காரணமில்லாமல் சிரித்தாள்... சாயங்காலம் வரை. வாசலில், கூட்டிப்போக வந்த அவள் அக்கா அவனோடு பத்து நிமிடம் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேறென்ன?

அடுத்த செவ்வாய் பென்சிலை அவன் கையில் திணித்தாள். “அக்கா சொன்னாங்கன்னு பாவம் பார்க்காதீங்க. எனக்கு அது ஆகாது.”

அவன் விழித்தான். “உங்க அக்கா... வீட்டு ஃப்ரிட்ஜ் ஏன் கத்துதுன்னுதான் கேட்டாங்க. எதுக்குங்க பாவம்?”

மாட்டிக்கொண்டாள். இனி மழுப்ப முடியாது.

“மார்புல கேன்சர். ஒரு பக்கம் எடுத்தாச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கேன். திரும்ப வராம இருக்க அஞ்சு வருஷம் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. அதுலதான் இந்தச் சூடு, மூட்டு வலி, தூக்கமில்லாம...” குரல் இறங்கியது. “ஒன்பது நாளா போடல. அக்காவுக்குத் தெரியாது.”

வெளியே மழை பிடித்திருந்தது. அவன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான். “டாக்டருக்கு?”

“சொன்னா திட்டுவாங்க.”

“சொல்லலன்னா என்னை மாதிரி ரெண்டு மோட்டாரக் கழட்டுவாங்க.”

சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

பையிலிருந்து தன் கம்பெனியின் புகார்ப் படிவம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். என்ன கோளாறு, எப்போது, எவ்வளவு நேரம். “இதை ரொப்பி டாக்டர்கிட்ட குடுங்க. எங்க வேலையே இதை வெச்சுத்தான்.” பென்சிலையும் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டினார். அரை நிமிடம். பிறகு படிவத்தை வரி வரியாகப் படித்தார். கொஞ்ச நாள் இடைவெளி விட்டு வேறு மாத்திரை எழுதினார். விரல்களுக்குப் பயிற்சி, தினம் அரை மணி நடை. மூன்றாம் நாளிலிருந்து நடைக்குத் துணையாக மெக்கானிக்கும் வந்தான். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜும் கத்துவதை நிறுத்தியது.

சூடு முழுக்கப் போகவில்லை, குறைந்தது. பத்து மணிக்குள் விரல்கள் விரிந்தன. மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு செவ்வாய். அதே புகார்ப் படிவத்தில் இன்னொன்றை நிரப்பி அவனிடம் நீட்டினாள்.

“மறுபடி ஏதாவது கோளாறா?” அவன் முகம் மாறியது. படித்தான்.

கோளாறு: படபடப்பு, முகம் சூடாவது.
எப்போது: செவ்வாய் பதினொரு மணி.
எவ்வளவு நேரம்: மெக்கானிக் போகும்வரை.

“இது... மாத்திரையோட வேலையா?”

“மாத்திரைதான் மாத்தியாச்சே. இது மட்டும் மாறல.”

அவன் காது சிவந்தது. எட்டு ஸ்வெட்டர்களும் வேலை செய்வது போல நடித்தன.

“இதைச் சரிபண்ண எனக்குத் தெரியாதுங்க. எனக்கும் இதேதான்... ஏணில படி தவறுச்சே, அன்னிலேர்ந்து.”

அவள் தன் டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். இந்த முறை குடிப்பதற்கு.