ஏழாம் அறைக்காரரின் பெயர்

“பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்கம்மா.”

“ஆர்லோ டிஸ்டேல். முப்பத்தெட்டாம் வருஷம், மார்ச் நாலு.”

லோர்னா கிழவியின் மணிக்கட்டைப் புரட்டினாள். பெயர்ப்பட்டையில் மேவிஸ் கிராம்ப் என்றுதான் இருந்தது. டிஸ்டேல், ஏழாம் அறைக்காரர். பத்து நிமிடத்துக்கு முன்தான் அவரிடம் ரத்தம் எடுத்திருந்தாள்.

பெயர் பொருந்தாவிட்டால் ஊசியைத் தொடவே கூடாது. சமுதாயக் கல்லூரியில் ரத்தம் எடுக்கும் படிப்பின் முதல் நாள் பாடமே அதுதான். ஆனால் இன்று பயிற்சிக்குக் கடைசி நாள். நூறு பேரிடம் எடுத்தால்தான் சான்றிதழ். தொண்ணூற்றெட்டு முடிந்திருந்தது, இந்த முதியோர் இல்லத்தில் மிச்சமிருந்தது இரண்டே பேர். விட்டால் நாலு மாதப் படிப்பும் பாழ், காலம் முழுக்கக் கோழி வெட்டும் ஆலை வேலைதான். ராத்திரியெல்லாம் அங்கே நின்றுவிட்டு நேரே வந்தவளுக்குக் கால்கள் மரத்துக் கிடந்தன, கிருமிநாசினி வாடையும் ஆறிப்போன சோளக் கஞ்சி வாடையும் மூக்கில் ஏறின, அழக்கூடத் தெம்பில்லை. வயசாச்சு, உளறுது என்று சொல்லிக்கொண்டு ரப்பர் நாடாவைக் கட்டினாள்.

ஊசி இறங்கியது. “கை ஜில்லுன்னு இருக்கே, பொண்ணு,” என்று கிழவி சிரித்தாள். டிஸ்டேலும் இதையேதான் சொல்லியிருந்தார், இதே கரகரத்த ஆண்குரலில்.

பதினோராம் அறையில் ரூபன் கோல். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக அவருக்குப் பேச்சே கிடையாது. லோர்னா கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“ஆர்லோ டிஸ்டேல்.”

அதே தேதி. அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. எடுத்தாள். நூறு.

வெளியே பயிற்சி மேற்பார்வையாளர் வெர்னிஸ் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற? நூறும் முடிஞ்சுதா? அடி சக்கை! பேரைச் சொல்லு, சான்றிதழ்ல எழுதணும்.”

லோர்னா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. தேடினாள். அம்மா எப்படிக் கூப்பிடுவாள்? தெரியவில்லை. ஐயோ. நாக்கு தானாகப் புரண்டது.

“ஆர்லோ டிஸ்டேல்.”

கரகரத்த குரல். அவளுடையதல்ல.

வெர்னிஸ் நிமிரவில்லை. “பிறந்த தேதி?”

சொன்னாள்.

வெர்னிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் புரட்டினாள். அங்கே, இதுவரை இல்லாத ஒரு பெயர்ப்பட்டை. நிதானமாக வாசித்தாள்.

“சரியாப் பொருந்துது,” என்று லோர்னாவின் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, ரப்பர் நாடாவை இழுத்துக் கட்டினாள்.