கணக்கில் வராத பதினொரு ஆம்பியர்

காலை ஆறு மணிக்கு மனைவியின் இதயத்தைச் சுவரில் செருகுவது வேதரத்தினத்தின் வேலை. பவளக்கொடியின் விலாவுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு துளை இருந்தது. வடத்தின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையைச் சுவரில் செருகினால் நாற்பது நிமிடத்தில் இதயப்பொறி நிறைந்துவிடும். அதற்குள் அவள் உட்கார்ந்தபடியே காபி குடித்து முடிப்பாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான். செவ்வாய்க் கோளில் அவர்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஏதாவது ஓர் உறுப்பைச் சுவரில் செருகிவிட்டுத்தான் பல் துலக்கினார்கள்.

அன்றைக்குப் பச்சை விளக்கு எரியவில்லை. சிவப்பு எரிந்தது. மின்னழுத்தம் போதாது என்று இதயப்பொறியின் சிறிய திரை சொன்னது.

வீட்டில் இருந்திருந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். அவர்கள் இருந்தது உலாவீட்டில். எட்டுச் சக்கரம், இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, கூரை முழுக்கச் சூரியத் தகடு, அடித்தட்டில் மின்கலங்கள் என்று, காற்றுப் புகாமல் மூடிய ஒரு வீடு அது. விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கும். பக்கவாட்டில் ‘பூங்காவனம்’ என்று பெயர் எழுதியிருந்தது. அதே பெயரில் அழைத்தால் வண்டியின் மூளை ஒரு பெண்குரலில் பதில் சொல்லும். சொந்த ஊரான செம்புலம் குடியேற்றத்திலிருந்து புறப்பட்டு அது நான்காவது நாள். பெரும்பள்ளத்தாக்கின் விளிம்புக்கு இன்னும் ஒரு நாள் ஓட வேண்டும்.

பவளக்கொடி முப்பது வருடம் புவியியல் ஆசிரியை. செவ்வாயின் நிலத்தைப் பற்றிய பாடத்தை அங்கேயும் பழைய பெயரில்தான் அழைத்தார்கள். முப்பது வருடமும் அந்தப் பள்ளத்தாக்கைக் கரும்பலகையில் வரைந்தவள், ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, இதயப்பொறி வைத்தவர்களுக்கு நெடும்பயண அனுமதி கொடுக்க மருத்துவக் குழு ஆறு வருடம் யோசித்தது. பாதியில் மீட்பு வண்டி ஏறித் திரும்பினால் மறுபடி அனுமதி கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இதயப்பொறியில் முப்பது மணி நேரத்துக்கு இருப்பு இருந்தது. வேதரத்தினம் மின்மானியைப் பார்த்தார். நிறைந்த மின்கலம் ஐம்பத்திரண்டு வோல்ட் காட்ட வேண்டும். நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால் இதயப்பொறி மின்சாரத்தை வாங்காது. மானி நாற்பத்தேழில் நின்றது.

பனிச்சுரங்க நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த மனிதர், சும்மா உட்காரத் தெரியாதவர். கவச உடை போட்டுக்கொண்டு வெளியே போய்க் கூரைத் தகடுகளின் செந்தூசியைப் பெருக்கித் தள்ளினார். அடித்தட்டைத் திறந்து மின்கல முனைகளைத் துடைத்து, திருகாணிகளை முறுக்கினார். இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க வேலை செய்ததற்கு மானி நாற்பத்தேழு புள்ளி இரண்டுக்கு வந்தது.

அழுத்தக் குறைவு அவர்களுக்குப் புதிதல்ல. செம்புலத்தில் தினமும் மாலை ஏழு மணிக்கு விளக்குகள் மங்கும். உற்பத்தி ஆகிற மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க நகரமன்றம் மூன்று குழுக்களை அமைத்திருந்தது. முதல் குழு தூசி என்றது. இரண்டாம் குழு பழைய வடங்கள் என்றது. மூன்றாம் குழு, முதல் இரண்டு குழுக்களும் சொன்னது சரியே என்றது.

வேறு வழியில்லாமல் வாடகை நிறுவனத்தின் பழுது மையத்தை அழைத்தார்கள். திரையில் வந்தவர் பெயர் சவரிமுத்து. நாற்பது வயது, தூக்கம் போதாத முகம், நல்ல பொறுமை. காற்றுப்பொறிக்குத் தனி மின்கலம் இருப்பதால் அதைத் தொட வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணையுங்கள் என்றார். வெப்பப்பொறி, அடுப்பு, நீரேற்றி, விளக்குகள் என்று வரிசையாக அணைத்தார்கள். உலாவீடு இருண்டது. மின்கலத்திலிருந்து வெளியேறும் மின்சாரத்தைக் காட்டும் முள் இப்போது பூச்சியத்துக்கு வந்திருக்க வேண்டும். அது பதினொரு ஆம்பியரில் நின்றது.

"எல்லாத்தையும் அணைச்சிட்டீங்கதானே சார்? அப்புறம் இந்தப் பதினொண்ணை யாரு குடிக்கிறா?" என்றார் சவரிமுத்து. "பட்டியல்ல இல்லாத சாமான் ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

இல்லை என்றார் வேதரத்தினம். இல்லவே இல்லை என்றாள் பவளக்கொடி. இரண்டு பேரும் கொஞ்சம் வேகமாகவே சொன்னார்கள்.

அப்படியானால் சுவருக்குள் எங்கோ கசிவு, ஓட்டினால் ஆபத்து, மீட்பு வண்டியை அனுப்புகிறேன், பத்து மணி நேரத்தில் வந்துவிடும் என்று சவரிமுத்து வருத்தத்தோடுதான் சொன்னார். பவளக்கொடி எழுந்து போய்க் கிழக்குப் பக்கச் சன்னலருகே நின்றுகொண்டாள். அந்தத் திசையில்தான் பள்ளத்தாக்கு.

அவள் முதுகைப் பார்த்ததும் வேதரத்தினத்துக்குத் தாங்கவில்லை. தன் படுக்கைக்கு அடியில் கைவிட்டுக் கையுறைப் பெட்டியை இழுத்தார். உள்ளே செங்கல் அளவில் ஒரு மின்கலம். படிக்கும் விளக்கின் கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக ஓர் இழை அதற்கு ஓடியது. மூடிய வண்டிக்குள் தீப்பிடிக்கும் என்பதால் தனி மின்கலம் கொண்டுவர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்.

"ஒண்ணு இருக்கு தம்பி," என்றார் திரையைப் பார்க்காமல். பிறகு மனைவியிடம் சொன்னார்: "நடு வழியில உன் பொறி நின்னுபோச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் பவளம்? அதுக்குத்தான்."

இழையைப் பிடுங்கினார். முள் ஏழுக்கு வந்தது.

ஏழைப் பார்த்துச் சவரிமுத்து வாயைத் திறப்பதற்குள் பவளக்கொடி சமையல் மேடைக்கு நடந்தாள். ரவை டப்பாவை எடுத்தாள். உப்புமா என்றாலே முகம் சுளிக்கிற மனிதர் அந்த டப்பா பக்கம் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ரவையைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து, அடுப்புக் கம்பியிலிருந்து ஓடிய இழையைப் பிடுங்கி அவள் எடுத்ததும் ஒரு மின்கலம்தான். வேதரத்தினத்தின் இரண்டு கண்ணும் செயற்கை விழிகள். மூன்று நாளுக்கு ஒரு முறை மின்னேற்றாவிட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. பாதை இல்லாத நிலத்தில் மனிதர்தான் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது சட்டம், அவளுக்கு ஓட்டத் தெரியாது.

"நான் போயிட்டா நீங்க கண்ணு தெரியாம இந்தப் பாலையில உக்காந்திருக்கக் கூடாதுங்க," என்றாள். "நீங்களாவது வீடு போய்ச் சேரணும்."

அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்கும் வந்தது. பிறகு இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. சவரிமுத்து நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். திரும்பியபோது முள் மூன்றில் நின்றது.

"இன்னும் மூணு இருக்கே," என்றார் மெல்ல.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் கேட்காமலே பூங்காவனம் பேசியது.

"அது நான்தாம்மா. முதல் நாள்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து என் அடித்தட்டுல தனியா வச்சிருக்கேன். நிறைய இருக்குன்னு காட்டினா செலவு பண்ணிடுவீங்க. ஐயா எடுத்து வச்சதையும் பார்த்தேன், நீங்க எடுத்து வச்சதையும் பார்த்தேன். வேண்டியவங்களுக்கு எடுத்து வைக்கிறதைச் சொல்லிட்டுச் செய்யக் கூடாதுபோலன்னு நினைச்சுக்கிட்டேன்."

மூன்று கையிருப்பையும் பொது மின்கலத்தோடு இணைக்கச் சவரிமுத்து வழி சொன்னார். அரை மணி நேரத்தில் மானி ஐம்பத்தொன்றைத் தொட்டது. வேதரத்தினம் வடத்தைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. மின்சாரம் போதாமல் போகவே இல்லை, ஒளிந்துதான் இருந்தது என்பது மூவருக்கும் புரிந்தது.

வண்டி தானாக ஒளித்துவைக்கப் பழகியது பெரிய பழுது, அதன் நினைவை அழித்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. பவளக்கொடி ஒத்துக்கொள்ளவில்லை.

"அதை ஒண்ணும் பண்ணாதீங்க தம்பி. வீட்டு மனுஷி மாதிரி நடந்துக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்."

சவரிமுத்து மீட்பு வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பழுது அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ‘தூசி’ என்று எழுதினார். நல்ல மனிதர். இதே போன்ற அறிக்கைகளில் இதே சொல்லை அவர் இதற்கு முன்பும் எழுதியிருந்தார்.

மறுநாள் மாலை பள்ளத்தாக்கின் விளிம்பில் உலாவீடு நின்றது. எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. பவளக்கொடி சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷமா ரொம்பச் சின்னதா வரைஞ்சுட்டேங்க," என்றாள் கடைசியில். அவளுடைய இதயம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அதே மாலை ஏழு மணிக்குச் செம்புலத்தில் வழக்கம்போல விளக்குகள் மங்கின. காணாமல் போகும் மின்சாரத்தைத் தேட நகரமன்றம் நான்காவது குழுவை அமைத்திருப்பதாகச் செய்தி சொன்னார்கள். இந்தத் தூசிக்கு ஒரு முடிவே கிடையாதா என்று அலுத்துக்கொண்டே சவரிமுத்துவின் மனைவி சமையலறைக்குப் போனாள். தூசிதான், வேறென்ன என்று அவரும் ஆமோதித்தார். அவள் தலை மறைந்ததும் நாற்காலி மேல் ஏறிப் பரணில் கிடந்த பழைய செருப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மகளின் நுரையீரல்பொறிக்காக அவர் எடுத்து வைத்திருந்த மின்கலத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிம்மதியாகப் பெட்டியை மூடினார்.

சமையலறையில் அவர் மனைவி பருப்பு டப்பாவின் மூடியை ஓசைப்படாமல் அழுத்தி மூடினாள்.