அறுபதைத் தாண்டினால் அலையும் கார்

உமா மகேஸ்வரி தன் வக்கீல் அறையின் ஷட்டரைத் தூக்கும்போதே ஹசீனா பேகம் வாசலில் நனைந்தபடி நின்றிருந்தாள். கையில் கார் சாவி இருந்தது. சுற்றுமுற்றும் கார் இல்லை.

"ஆட்டோவில வந்தேன் மேடம். என் காரை ஓட்டவே பயமா இருக்கு. யாரோ அதை வேணும்னே கெடுக்கறாங்க."

அந்தமானின் டெலானிப்பூரில் அந்த ஒற்றை அறையை இருவர் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பாதி உமாவுக்கு. பின்பாதியில் ஜெகநாதன் உட்கார்ந்திருப்பார். விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். அந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவர் அவசரமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. உமாவோ பாதிக் கதையிலேயே குற்றவாளியைப் பிடித்துவிடுகிறவள்.

ஹசீனா சிப்பிகாட்டுக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகளையும் அந்த வழியிலேயே காரில் பள்ளியில் விட்டுவிட்டுப் போவாள். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய சின்னக் கார், அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு, போன மாதம் பதினாலாம் தேதி திரும்பியிருக்கிறாள்.

"அதுக்கப்புறம்தான் சார் இது. டவுனுக்குள்ள ஒண்ணும் தெரியாது. சிப்பிகாட் தாண்டி நேர் ரோட்டுல அறுபதுக்கு மேல போனா வண்டி தானா இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும். ஸ்டீயரிங்கை நேராத்தான் பிடிச்சிருப்பேன். போன வாரம் எதிர்ல வந்த பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவுல ஒரு கை இடம்கூட இல்லை."

"மெக்கானிக் பார்த்தாரா?" என்றார் ஜெகநாதன்.

"கராச்சரமாவில பட்டறை வச்சிருக்கற யோகராஜ். ரெண்டு தடவை முன் சக்கர அலைன்மென்ட் பண்ணிட்டார், தேஞ்சிருந்துச்சுன்னு பின் டயர் ரெண்டையும் மாத்திட்டார். அப்படியேதான் இருக்கு. வண்டி இப்பவும் அவர்கிட்டதான் நிக்குது."

"வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள்?"

"எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர்தான், என் காரைத் தொடவே மாட்டாங்க. அவங்க தம்பி அப்ஸலுக்கு அந்தக் கார் மேல ஒரு கண்ணு." அவள் சற்றுத் தயங்கினாள். "ஊருக்குப் போறப்போ பெட்ரோல் போட்டு ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணினேன். அது என் பழக்கம். பங்க்லேர்ந்து வீடு மூணு கிலோமீட்டர். திரும்பி வந்து பார்த்தா ஐம்பத்தொண்ணு. அப்ஸலைக் கேட்டா, ஒரு தடவை ஹேடோ ஜெட்டிக்குப் போனேன், நாலு கிலோமீட்டர்தான்னு சொல்றான். எங்க வீட்டுக்காரரைக் கேட்டா மீட்டர் கோளாறுன்றாங்க."

"நாற்பத்துநாலு கிலோமீட்டருக்குக் கணக்கு இல்லை!" என்றாள் உமா.

ஜெகநாதன் வேறொன்றைக் கேட்டார். "பஸ் எதிரே வந்தபோது குழந்தை காரில் இருந்தாளா?"

"அப்ஸானாவா? நல்லவேளை, இல்லை. நான் வந்த மறுநாள் காலையிலேயே அவ அத்தா அவளை ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட்டுட்டாங்க. கார்ல போனா வாந்தி வருதாம்."

"வருமா?"

"எனக்குத் தெரிஞ்சு வந்ததில்லை சார்."

அவர் குடையை எடுத்துக்கொண்டார். "வண்டியைப் பார்க்கலாம்."

யோகராஜின் பட்டறையில் மழைநீர் தகரத்திலிருந்து கயிறுகயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. மலைத் தோட்டங்களிலிருந்து தீவுக்குக் குடியேற்றப்பட்ட குடும்பத்துப் பையனாக வளர்ந்தவன் அவன். இப்போது நாற்பது வயது. தன் பேரில் சந்தேகம் இருப்பதை அவன் உணர்ந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"சாப், முன்னுக்கு ரெண்டு சக்கரமும் பில்குல் சரி. மெஷின்ல போட்டுப் பார்த்தாச்சு. நான் ஏன் டீச்சரம்மாவை ஏமாத்தப் போறேன்?"

"ஒரே வேலையை ரெண்டு தடவை செய்தால் ரெண்டு தடவை கூலி" என்று உமா முணுமுணுத்தாள். பிறகு மூலையில் கிடந்த பழைய டயர்களிடம் போனாள். சேறு படிந்த ஒன்றை ஈரத் துணியால் துடைத்தவள் கூவினாள். "சார்! இங்க பாருங்க!"

டயரின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் அவசரமாக எழுதியிருந்தது: ஹெச் பி 14.

"ஹசீனா பேகம்! இவங்க வந்தது பதினாலாம் தேதி! யாரோ குறி வச்சிருக்காங்க சார்."

ஹசீனா குனிந்து பார்த்தாள். "நான் இதைப் பார்க்கவே இல்லையே."

"நான் கழட்டுறப்பவே இருந்துச்சு" என்றான் யோகராஜ். "சேத்துக்குள்ள மறைஞ்சிருந்துச்சு. டயர் கடைக்காரன் எழுதினதுன்னு நெனச்சேன்."

ஜெகநாதன் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அப்போது ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஹசீனாவின் கணவன் அன்வர் மழைக்கோட்டோடு இறங்கினான். அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவன். பின்னாலிருந்து அப்ஸல் குதித்தான்.

"வக்கீல்கிட்ட போற அளவுக்கு என்ன ஆயிடுச்சு ஹசீனா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"காக்கா, மதினி என்னைத்தான் சந்தேகப்படறாங்க" என்று அண்ணனிடம் முறையிட்டான் அப்ஸல். "அல்லா மேல சத்தியமா அன்னிக்கு ஜெட்டிக்கு மட்டும்தான் போனேன்."

ஜெகநாதன் அன்வரிடம் சாதாரணமாகக் கேட்டார். "வண்டியில் என்ன குறை என்று நினைக்கிறீர்கள்?"

"எனக்கென்ன சார் தெரியும், நான் அதை ஓட்டினதே இல்லை. ஆனா இவர் முன்பக்கத்தையே நோண்டிக்கிட்டிருந்தா எப்படி? பின்பக்கம்ல இழுக்குது. பின்னாடி பார்க்கச் சொல்லுங்க."

"சரி, பின்னாடியே பார்ப்போம்."

காரைக் குழியின் மேல் நிறுத்தினார்கள். ஜெகநாதன் டார்ச்சோடு கீழே இறங்கினார். அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அப்புறம் யோகராஜை அழைத்தார். இறங்கிய யோகராஜ் தலையில் அடித்துக்கொண்டு ஏறினான்.

"என் தப்பு சாப். டயரை மாத்தினேனே தவிர, உள்ளுக்கு எட்டிப் பார்க்கலியே."

ஜெகநாதன் கையைத் துடைத்தபடி மேலே வந்தார்.

"பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் ஒரு நீளக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வண்டியில் அந்தக் கம்பி வளைந்திருக்கிறது. அதன் முனையில் இருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது. மெதுவாகப் போனால் தெரியாது. வேகம் கூடினால் அச்சு ஒரு பக்கம், வண்டியின் உடல் ஒரு பக்கம் என்று நகரும். முன் சக்கரத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் தீராது."

"யாரு வளைச்சாங்க?" என்றாள் ஹசீனா.

"கடல்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"கம்பியில் சங்கிலிக் கண்ணிகள் அழுந்திய தடம் இருக்கிறது. இரண்டு கண்ணிகளுக்கு நடுவே உப்புத்துரு. கப்பலில் வண்டியை ஏற்றினால் நகராதபடி சங்கிலியால் இறுக்குவார்கள். கட்டியவர் தப்பான இடத்தில் கொக்கியை மாட்டிவிட்டார். கப்பல் ஆட ஆட, வண்டியின் பாரம் முழுவதும் அந்த ஒரு கம்பியில் விழுந்தது. உமா, அந்த எழுத்து ஹசீனா பேகம் இல்லை. எந்த வண்டி எங்கே இறங்க வேண்டும் என்று சரக்கு ஏற்றுகிறவர்கள் எழுதுவது. பதினாலு, வரிசை எண்."

உமாவுக்குச் சட்டென்று புரிந்தது. "ஹட் பே! லிட்டில் அந்தமான் துறைமுகம்!"

"கப்பலில் நிற்கிற வண்டிக்கு மீட்டர் ஓடாது. கடலில் போன தூரத்தை அது கணக்கெடுக்காது. கப்பல் ஏற்ற இங்கே ஜெட்டிக்குப் போய்வர இன்னொரு நாலு. மீதி நாற்பது ஹட் பேயில். அங்கே இருப்பது ஒரே நீள ரோடு. அதில் யாரோ வேகமாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்."

"நான் இல்லை!" என்றான் அப்ஸல்.

"நீ இல்லை. உனக்குக் கார் வேண்டும். நீ அதைக் கப்பலில் அனுப்ப மாட்டாய்." ஜெகநாதன் அன்வர் பக்கம் திரும்பினார். "உங்கள் மனைவி என்னிடம் சொன்னது, வண்டி இரண்டு பக்கமும் அலைகிறது என்று மட்டும்தான். ஓட்டுகிறவருக்கு அது ஸ்டீயரிங்கில்தான் தெரிகிறது. மெக்கானிக்கும் முன்பக்கம் என்றே நினைத்தார். இந்தக் காரைத் தொட்டதே இல்லை என்கிற நீங்கள் மட்டும் பின்பக்கம் என்றீர்கள். உங்களுக்கு யார் சொன்னது?"



"சாப், எங்க மாமா ஐயாவு ஹட் பே ஜெட்டியிலதான் வேலை" என்று யோகராஜ் போனை எடுத்தான். "போன மாசம் எந்தக் கார் வந்துச்சு, யார் கூட வந்துச்சுன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார்."

"வேண்டாம்" என்றான் அன்வர். "நான்தான் கொண்டுபோனேன். அங்க ஒருத்தர் வாங்கறேன்னார். ஓட்டிப் பார்த்துட்டு, பின்பக்கம் இழுக்குது, இது ஆளைக் கொன்னுடும், வேண்டாம்னுட்டார். திருப்பிக் கொண்டுவந்துட்டேன்."

"என் காரையா?" என்றாள் ஹசீனா. "என் கையெழுத்தில்லாம எப்படி விக்க முடியும்?"

"உன் கையெழுத்தை நானே போட்டேன்." அவன் தரையைப் பார்த்தான். "கார் இல்லைன்னா டவுனுக்கு டிரான்ஸ்ஃபர் கேட்பேன்னு நினைச்சேன். காலையில போனா இருட்டுறப்போ வர்றே. கடைக்கு வர்றவங்கல்லாம் கேக்கறாங்க. கெடுக்கணும்னு நினைக்கலை ஹசீனா. சத்தியமா."

"கெடுக்க நினைக்கவில்லை, அதை நம்புகிறேன்" என்றார் ஜெகநாதன். "இன்றைக்குப் பின்பக்கம் பார்க்கச் சொன்னதும் ஏதோ ஒரு வகையில் உண்மையைச் சொல்லப் பார்த்ததுதான். ஆனால் அதற்குப் பல நாட்கள் முன்பே நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். இவர் வந்த மறுநாள் காலை, காரை இவர் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, குழந்தையை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றினீர்கள்."

ஹசீனா கணவன் பக்கம் திரும்பினாள்.

"அவளை இறக்கிட்டீங்க" என்றாள் மெதுவாக. "என்னை ஏன் இறக்கலை?"

"சொன்னா எல்லாம் தெரிஞ்சிடும்னு... நீ மெதுவாத்தான் ஓட்டுவேன்னு..."

"பஸ் கதையைச் சொன்ன அன்னிக்கு நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. பார்த்துப் போன்னு சொல்லிட்டு இன்னொரு மீன் கேட்டீங்க."

அப்ஸல் அண்ணனிடமிருந்து ஓரடி தள்ளி நின்றான். உமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெகநாதன் கையசைத்துத் தடுத்தார்.

ஹசீனா குட்வில் எஸ்டேட்டிலிருந்த கணவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அன்று மாலையே மகளை அழைத்துக்கொண்டு, பள்ளிக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த, தன்னோடு வேலை பார்க்கும் ஒச்சம்மா டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். சென்னையிலிருந்து புதுக் கம்பி வந்துசேர ஒன்பது நாள் ஆனது. யோகராஜ் கூலி வாங்க மறுத்தான். அவள் கட்டாயப்படுத்திக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் காலை மழை விட்டிருந்தது. ஜெகநாதன் பக்கத்திலும் உமா பின்னாலும் உட்கார, ஹசீனா சிப்பிகாட் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்தாள். ஐம்பது. அறுபது. அவள் விரல்கள் ஸ்டீயரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன. எழுபதைத் தொட்டபோது முள் மட்டும்தான் நடுங்கியது. வண்டி கோடு போட்டதுபோல் போனது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் பிடி தளர்ந்தது.

பள்ளிக்குச் சற்று முன்பாக ஓரங்கட்டி இறங்கினாள்.

"அந்தக் கள்ளக் கையெழுத்துப் புகாரைத் தயார் பண்ணிட்டீங்களா மேடம்?"

உமா பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "நல்லா யோசிச்சீங்களா? ஸ்டேஷன்ல கொடுத்துட்டா அப்புறம் என் கையில இல்லை. அன்வர் தினம் என் ஆபீசுக்கு வந்து அழறார்."

"அழட்டும். ஒன்பது நாளா அதைத்தான் யோசிச்சேன்."

காரின் முன்மூடியில் காகிதத்தை விரித்தாள். இன்ஜின் சூட்டில் அது லேசாகச் சுருண்டது. இடது கையால் நீவிப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, முழுப்பெயரையும் எழுதினாள்.

"என் கையெழுத்து எப்படி இருக்கும்னு அவங்க பார்த்துக்கட்டும்" என்றாள்.

பள்ளியில் முதல் மணி அடித்தது. இருவரையும் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள்.